பொங்கற் பானையும் பாராளுமன்றமும்

தை பிறந்துவிட்டால் பூநகரிக்கு ஒரு தனி மணம் வந்துவிடுகிறது. ஆவணியிலும் புரட்டாதியிலும் புழுதியில் விதைத்துவிட்டு, வானத்தை நம்பிக் காத்திருந்த வயல்களிலே மொட்டைக்கறுப்பன் கதிர் சாய்ந்து நிற்கும். கடனீரேரிப் பக்கமிருந்து வரும் உவர்க்காற்றும், புது வைக்கோலின் வாசமும், சாணமிட்டு மெழுகிய முற்றத்தின் ஈரமும் ஒன்றாய்க் கலந்து வரும்போது, நாட்காட்டியைப் பாராமலே பொங்கல் வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

அத்தகைய ஒரு தை மாதத்தில், பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த முதல் நாளன்று, உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு நாம் அரசறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். சட்டவாக்கத் துறையின் அதிகாரங்கள் என்பது அன்றைய தலைப்பு. பாராளுமன்றம் தான் விரும்பிய எதனையும் சட்டமாக்கலாம் என்று பழைய ஆங்கிலச் சட்ட அறிஞர்கள் கூறிய கோட்பாட்டை நாம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, கடைசி வாங்கிலிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“சேர், அப்பிடியெண்டால் பாராளுமன்றம் பொங்கலையும் வேற நாளுக்கு மாத்தலாமோ?”

வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால், அன்று மாலை சைக்கிளில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வியும் நம்முடன் கூடவே வந்தது. சிறுவன் விளையாட்டாகக் கேட்டதுதான். எனினும், சட்டத்தின் எல்லை எது, வழக்கத்தின் எல்லை எது என்ற பெரிய வினா அதனுள் ஒளிந்திருந்தது. மறுநாள் வகுப்பில் நாம் கூறிய விடையையும், அவ்விடையோடு அவன் நம்மை விட்டுவிடாத கதையையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஞாயிறு வேலைநாளான காலம்

ஞாயிறு மலரை ஓய்வாகச் சாய்ந்திருந்து படிக்கும் நேயர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். நம் நாட்டிலே ஞாயிற்றுக்கிழமை ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக வேலைநாளாக இருந்ததுண்டு! டட்லி சேனநாயக்கா பிரதமராயிருந்த காலத்தில், 1965ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க விடுமுறைச் சட்டம் நிறைவேறியது. 1966ஆம் ஆண்டு பிறந்ததும் வாராந்த ஓய்வுநாள் ஞாயிற்றை விட்டு நீங்கிப் போயா நாள்களுக்குச் சென்றது. பூரணை, அமாவாசை, வளர்பிறை அட்டமி, தேய்பிறை அட்டமி ஆகிய நான்கையும் அண்டி விடுமுறைகள் அமைந்தன.

இதன் நோக்கத்தைக் குறைகூற நாம் விரும்பவில்லை. ஞாயிறு ஓய்வு என்பது மேல்நாட்டார் ஆட்சியோடு வந்து நிலைத்தது. அது வந்தபோதும் நம் மூதாதையரை எவரும் கலந்துகொள்ளவில்லை. விகாரைக்குச் செல்லும் நாளிலே வேலைக்குப் போகவேண்டியிருக்கிறதே என்று பௌத்த மக்கள் வருந்தியது நியாயமானதே. நமக்கும் பூரணையும் அமாவாசையும் விரத நாள்கள்தாமே?

இடையூறு வானத்திலிருந்து வந்தது. சந்திரன் ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள் ஆகிறது. அதனை நான்காகப் பகுத்தால் ஏழு நாளும் ஒன்பது மணித்தியாலமும் வரும். ஆகவே, ஒரு வாரம் ஏழு நாளாகவும், மற்றொரு வாரம் எட்டு நாளாகவும் வந்தது. இன்று என்ன கிழமை என்பதைவிட, போயா என்றைக்கு என்பதை அறிவதே முக்கியமாயிற்று. ஏனைய நாடுகளின் வங்கிகளும் வர்த்தக நிலையங்களும் மூடியிருக்கும் நாளில் நம் நாட்டுக் காரியாலயங்கள் திறந்திருந்தன. அவை திறந்திருக்கும் நாளில் நம்முடையவை மூடிக்கிடந்தன. கடலோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஞாயிறு திருப்பலிக்குப் போவதா, வேலைக்குப் போவதா என்று திகைத்தன. பாடசாலை நேரசூசியோடு தாம் பட்ட பாட்டை நம் ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1971ஆம் ஆண்டில், சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சிக் காலத்தில், 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டம் வந்தது. ஞாயிறு மீண்டும் ஓய்வுநாளாயிற்று. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். பூரணைப் போயா நாள் மாத்திரம் விடுமுறையாக நிலைத்துவிட்டது; இன்றும் நிலைத்திருக்கிறது. மக்கள் உள்ளத்தில் வேரூன்றியிருந்த பூரணை தப்பியது. பட்டியலுக்காக ஒழுங்குசெய்யப்பட்ட வாரம் உதிர்ந்துபோயிற்று.

மூன்றாண்டு வாழ்ந்த புத்தாண்டு

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. தை முதலாம் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று அங்கே 2008ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சட்டம் நிறைவேறியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் மு. கருணாநிதி. தைதான் ஆண்டின் தலைமாதம் என்று தமிழறிஞர் பலர் நெடுங்காலம் வாதிட்டு வந்தவர்களே. அவ்வாதத்தில் வலு இல்லை என்று நாம் கூற வரவில்லை. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறையும் மாதத்தில் ஆண்டு தொடங்குவதில் ஓர் அழகும் உண்டு.

ஆயினும், சித்திரை பிறந்தபோது மக்கள் வழக்கம்போலக் கோயிலுக்குச் சென்றனர். வழக்கம்போலப் பஞ்சாங்கம் படிக்கக் கேட்டனர். 2011ஆம் ஆண்டு ஆட்சி மாறியது. ஜெ. ஜெயலலிதா முதலமைச்சரானார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலே அச்சட்டம் நீக்கப்பட்டது. ஒரு சட்டமன்றத்தின் கைகள் உயர்ந்து புத்தாண்டை நகர்த்தின. அடுத்த சட்டமன்றத்தின் கைகள் உயர்ந்து அதனைப் பழைய இடத்தில் வைத்தன. இதற்கிடையில் சித்திரை மாதம் எவரையும் கேளாமல் தன்பாட்டிலே வந்து போய்க்கொண்டிருந்தது.

நம் ஊரைப் பாருங்கள். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வாக்கிய பஞ்சாங்கம் ஒன்றாகக் கூறும். திருக்கணித பஞ்சாங்கம் வேறொன்றாகக் கூறும். ஒரு வீட்டில் மருத்துநீர் வைத்து முழுகி முடித்திருப்பார்கள். அடுத்த வீட்டில் அப்போதுதான் தலைக்கு இலை தேடுவார்கள். இதற்காக இரு வீட்டாரும் வழக்காடியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. கைவிசேடம் வாங்கச் சிறுவர்கள் இரண்டு வீட்டுக்கும் போய்வருவார்கள். கருத்து வேற்றுமையோடு கூடிவாழும் கலையை நம் மக்கள் எந்த யாப்பையும் படிக்காமலே கற்றிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

முல்லைத்தீவுப் பகுதியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். பாக்குத் தெண்டலோடு தொடங்கி, கடல்நீரில் விளக்கெரித்து, பல்லாயிரவர் கூடிப் பொங்கும் அப்பெருவிழாவின் நாளை எந்த அரசாங்க வர்த்தமானியும் குறித்துத் தந்ததில்லை.

ஆகவே, மறுநாள் வகுப்பில் நாம் அம்மாணவனுக்கு இவ்வாறு விடை கூறினோம்: “தம்பி, பாராளுமன்றம் விடுமுறை நாளை மாற்றலாம். பொங்கலை மாற்ற இயலாது. விடுமுறை அரசாங்கம் தருவது. பொங்கல் நெல் தருவது.”

வகுப்பு மகிழ்ந்தது. விடை நன்றாக அமைந்துவிட்டது என்று நாமும் உள்ளூர மகிழ்ந்தோம்.

அப்படியாயின் சட்டம் எதற்கு?

வழக்கத்தின் பக்கமே முழு நியாயமும் இருக்கிறது என்று எவரேனும் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக, அடுத்த பாடத்தில் நாம் கதையின் மறுபக்கத்தையும் கூறினோம்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் 14ஆம் நாள்தான், 1891ஆம் ஆண்டில், இந்திய அரசியல் யாப்பின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அம்பேத்கர் பிறந்தார். தீண்டாமையை ஒழித்த அந்த யாப்பின் 17ஆம் உறுப்புரை, நூற்றாண்டுகள் பலவாக நின்ற ஒரு வழக்கத்தைச் சில வரிகளில் குற்றமாக்கியது. அதற்கு முன்பே, 1936ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், திருவிதாங்கூர் மன்னர் தம் பிரகடனத்தினால் கோயிற் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். மதுரையிலோ 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் நுழைந்தார். சட்டம் பின்னால் ஓடிவந்து காவல் நின்றது. ஓரிடத்தில் சட்டம் முந்தியது. ஓரிடத்தில் மனச்சாட்சி முந்தியது. இரண்டு இடங்களிலும் கதவு திறந்தது.

நம் நாட்டிலும் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியைக் காட்டி ஒருவரைக் கோயில் வழிபாட்டினின்றும் தடுப்பது குற்றம் என்று கூறியது. ஆனால், பதினொரு ஆண்டு கழித்தும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. தடுத்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர் பாமரர் அல்லர். கணிதப் பேராசிரியராக விளங்கியவரும், வவுனியாத் தொகுதியின் முன்னைநாள் பாராளுமன்ற உறுப்பினருமான சி. சுந்தரலிங்கம் அவர்கள். அவ்வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது. கல்வி ஒருவரை எங்கெல்லாம் அழைத்துச் செல்கிறது, எவ்விடத்தில் கைவிட்டுவிடுகிறது என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் எண்ணிப் பார்ப்பது நல்லது.

சட்டம் கதவைத் திறக்கும் என்பது போலவே, அது கதவை அடைக்கவும் கூடும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் தம் வாக்கினால் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டிலேயே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. எதிர்த்து நின்றோருள் எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்களும் ஒருவர். இவையெல்லாம் கள்ளத்தனமாக நடந்தவையல்ல. மக்களாற் தெரிவுசெய்யப்பட்ட சபையில், முறைப்படி விவாதித்து, கைகளை எண்ணி நிறைவேற்றியவை. கைகளை எண்ணுவது மாத்திரம் சனநாயகமாகிவிடாது. எண்ணுவதற்கு முன் எவர் கையை அவையில் சேர்த்துக்கொண்டோம், எவர் கையை வெளியே நிறுத்தினோம் என்பதையும் கேட்க வேண்டும். வெளியே நிறுத்திய தவற்றைத் திருத்த, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

“ஆகவே பிள்ளைகாள், திருவிழாவின் நாளைக் குறிப்பது சட்டத்தின் வேலையன்று, வாசலைத் திறந்துவைப்பதே சட்டத்தின் வேலை” என்று கூறிப் பாடத்தை முடித்தோம்.

இரண்டாவது கேள்வி

மணி அடித்து எல்லோரும் போனபின், அந்த மாணவன் மாத்திரம் நம் மேசையருகே வந்து நின்றான். இம்முறை அவன் குரலில் விளையாட்டு இல்லை.

“சேர், வாசல் திறந்திருக்கு. ஆனால் எங்கட கோயில் கூட்டத்திலை அப்பா கை உயர்த்தேலாதெண்டு சொல்லிப்போட்டினம். அதுக்கு என்ன சட்டம் சேர்?”

நாம் வாயடைத்துப்போனோம். ஏனெனில், அந்தக் கூட்டத்தில் நாமும் இருந்தோம்.

அவனுடைய பாட்டனார் 1977ஆம் ஆண்டு வன்செயலில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து ஓடிவந்து வன்னியிற் குடியேறியவர். நாடற்றவராகவே வாழ்ந்து நாடற்றவராகவே கண்மூடினார். தந்தையார் பிறர் வயலில் வேலைசெய்து, இன்று இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து மொட்டைக்கறுப்பன் விதைக்கிறார். 2025ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் உள்ளூராட்சித் தேர்தலில் அவரும் நாமும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தோம். 2023ஆம் ஆண்டு பங்குனியில் பிரதேச சபைகளின் காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய், அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர் நடந்த தேர்தல் அது. விரலில் இட்ட மையைக் காட்டி அவர் நம்மைப் பார்த்துச் சிரித்தது இன்றும் நினைவிலிருக்கிறது.

அந்த மை அழிந்து சில வாரங்களுள், ஆடி மாதத்தில், ஊர்க் கோயிலின் பொதுக்கூட்டம் நடந்தது. தேர்த்திருப்பணிக் கணக்கைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்க எழுந்தார். “ஊரிலை சொந்தக் காணியும் மூண்டு தலைமுறை உபயமும் உள்ள ஆக்கள்தான் அங்கத்தவர். நீர் இரும்” என்று மேடையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் தோளிலிருந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். தேருக்கு வடம் திரித்த கைகள் அவை.

அதே கூட்டத்திலே பெரியவர் ஒருவர், சோழர் காலத்து உத்தரமேரூர்க் குடவோலை முறையை எடுத்துக்காட்டி, உலகுக்கே சனநாயகத்தைக் கற்பித்த இனம் நம் இனம் என்று பெருமையோடு பேசினார். முதலாம் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டுகளை நாம் வகுப்பிற் கற்பிப்பவர். குடத்துள் ஓலையிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தார்கள் என்பது உண்மை. கணக்குக் காட்டாதவரை விலக்கி வைத்தார்கள் என்பதும் உண்மை, அது போற்றத்தக்கது. ஆனால், வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையும் உடையவர் பெயரையே குடத்துள் இட்டார்கள் என்பதும் அதே கல்லில் வெட்டியிருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டு கடந்தும், அக்கல்லில் உள்ள நல்லதை நாம் விட்டுவிட்டோம். கணக்குக் கேட்டவரை அமர்த்தினோம். விடவேண்டியதைப் பற்றிக்கொண்டோம், காணி இல்லாதவரை விலக்கினோம். இவ்வளவும் நமக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் நாம் எழுந்து பேசவில்லை. உறவினர் முகங்களைப் பார்த்தோம், திருவிழாக் காலத்தில் ஏன் வீண் மனத்தாங்கல் என்று எண்ணினோம், மௌனமாயிருந்தோம். அவர் பக்கத்தில் அமர்ந்திருந்த இந்தச் சிறுவன் நம் மௌனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது இப்போதுதான் நமக்கு விளங்கியது.

“அதற்குச் சட்டம் இல்லைத் தம்பி. அதை நாங்கள்தான் செய்யவேண்டும்” என்று மாத்திரம் கூற முடிந்தது.

அன்றிரவு நமக்கு 2011ஆம் ஆண்டுத் தை மாதம் நினைவுக்கு வந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து அலைந்து, முகாம்களில் இருந்து, மீண்டு வந்தபின் நம் ஊர் பொங்கிய முதற் பொங்கல் அது. சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததும் அந்த மாதத்திலேதான். கோயில் என்று சொல்ல ஒரு தறப்பாள் கூரையும் ஒரு சூலமுமே இருந்தன. விதைப்பு இல்லாததால் புதுநெல் இல்லை. நிவாரண அரிசியை ஆளுக்கொரு பிடியாகக் கொண்டுவந்து ஒரே பானையில் இட்டோம். மழையில் விறகெல்லாம் நனைந்துகிடந்தது. உலர்ந்த பனைமட்டை வைத்திருந்தவர் இச்சிறுவனின் பாட்டியார் ஒருவரே. அந்த நெருப்பில்தான் ஊர்ப் பானை பொங்கிற்று. அன்று எவர் எத்தனை தலைமுறை என்று எவரும் கேட்கவில்லை. கூரை ஓடானபின், கோபுரம் எழுந்தபின் அல்லவா அக்கேள்வி பிறந்தது?

வரும் பங்குனியில் மீண்டும் கூட்டம் கூட இருக்கிறது. ஊரில் வசித்துச் சந்தா செலுத்தும் வயதுவந்த அடியார் ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், அங்கத்தவராகலாம் என்ற திருத்தத்தை முன்மொழிவதாகச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வழிமொழிய இருவர் இசைந்திருக்கின்றனர். ஒருவர் நம் வீட்டார். மற்றவர் நாம் எதிர்பாராத ஒரு முதியவர். அது நிறைவேறுமா, ஒத்திவைக்கப்படுமா என்பதை நாம் அறியோம். உறவினர் சிலர் இப்போதே நம் வீட்டுப் படலையைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். திருத்தம் தோற்றால் அடுத்த ஆண்டும் எழுதிக் கொடுப்போம்.

நாளைக் குறிப்பது நெல்லின் வேலை. வாசலைத் திறப்பது சட்டத்தின் வேலை. உள்ளே வந்தவருக்குப் பாயை விரித்து, “இருங்கோ, சொல்லுங்கோ” என்று கூறுவது எவருடைய வேலை? அதனைப் பாராளுமன்றம் செய்யாது, நீதிமன்றமும் செய்யாது. அது அந்த மண்டபத்தில் ஏற்கெனவே அமர்ந்திருக்கும் நம் ஒவ்வொருவருடைய வேலையுமாகும்.

தைப்பூசத்தன்று அம்மாணவன் ஒரு சிறு பையில் தங்கள் வயலின் புதிர்நெல் கொஞ்சம் கொண்டுவந்து தந்தான். “அப்பா தரச் சொன்னவர், சேர்” என்றான். நாம் இரு கையாலும் ஏந்திக்கொண்டோம். அந்த நெல்லைக் குத்தி அரிசியாக்கி வைத்திருக்கிறோம். பங்குனிக் கூட்டத்தன்று காலையிற் பொங்குவதாக எண்ணம்.